பொலித்தீன் கூடாரத்தில் தேனீ வேலை

வெண் ஈ உள்ளே புகுந்தால் தக்காளிக்கு இலைச்சுருளல் வரும். அதைத் தடுக்கத்தான் வலை கட்டுகிறோம். வலைக்கு வெண் ஈ எது, தேனீ எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே வெளியில் நிறுத்திவிடும். யாழ்ப்பாணத்தில் வலைக் கூடாரமும் பொலித்தீன் கூடாரமும் போட்டுப் பயிர் செய்யத் தொடங்கியவர்களிடம் "பூக்குது, காய் பிடிக்குதில்லை" என்ற முறைப்பாட்டை அடிக்கடி கேட்கலாம். உரம் போதாது என்பார் ஒருவர், விதை சரியில்லை என்பார் மற்றவர். பல வேளைகளில் குறை இரண்டிலும் இருப்பதில்லை. பூவை அசைக்க அங்கே ஒருவரும் இல்லை, அவ்வளவுதான்.

உடுப்பிட்டியிலோ, பக்கத்து இமையாணன், வல்வெட்டிப் பக்கமோ திறந்த தோட்டத்தில் நிற்கும் தக்காளிக்கு இந்தக் கவலை குறைவு. மாரி மழை ஓய்ந்து வாடைக்காற்று வீசும் காலத்தில் செடி நாள் முழுக்க ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டமே தக்காளிக்குப் போதும். காற்றை மறைத்துக் கூரையும் சுவரும் போட்ட பிறகுதான், அதுவரை இலவசமாக நடந்துவந்த வேலை ஒன்று நின்றுபோனது தெரியவருகிறது.

தக்காளிப் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். மஞ்சள் இதழ்கள் பின்னால் மடிந்திருக்க, நடுவில் ஒரு சிறு கூம்பு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தக்கூடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் ஆன கூம்பு அது. தம்பமும் அதன் நுனியிலுள்ள குறியும் அந்தக் கூம்புக்குள்ளே இருக்கின்றன. மகரந்தம் கூம்பின் உட்பக்கமாகத்தான் வெடித்து வெளிவரும். ஆணும் பெண்ணும் ஒரே அறைக்குள் இருந்தாலும் அசைவு இல்லாவிட்டால் மகரந்தம் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். பூ நிலத்தை நோக்கித் தொங்குவதால், உப்புப் போத்தலைக் கவிழ்த்துத் தட்டுவது போல ஓர் அதிர்வு கிடைத்தால் தூள் கீழிறங்கிக் குறியில் படியும். முற்பகல் பத்து மணியளவில் கறுப்புத் தாள் ஒன்றைப் பூவின் கீழே பிடித்துக் காம்பை விரலால் சுண்டிப் பாருங்கள். நன்றாக விரிந்த பூவென்றால் மாவு போல வெளிறிய தூள் தாளில் விழும். விழாவிட்டால் பூ இன்னும் முற்றவில்லை, அல்லது முதல்நாளே முடிந்துவிட்டது, அல்லது ஈரப்பதன் கூடி மகரந்தம் கட்டிப்பட்டிருக்கிறது.

ஒரு தூள் போதாது. ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தமணி வேண்டும். பெரிய தக்காளிப் பழம் ஒன்றில் நூற்றுக்கு மேற்பட்ட விதைகள் இருக்கும். பழத்தின் சதையைப் பெருக்கச் சொல்லும் ஓமோன்கள் வளரும் விதைகளிலிருந்தே வருகின்றன. விதை குறைந்தால் பழம் சிறுக்கும், உள்ளே வெற்றிடம் விழும், ஒரு பக்கம் கோணும். ஒன்றுமே படியாத பூ, காம்பின் நடுவிலுள்ள கணுவில் கழன்று விழுந்துவிடும். கூடாரத்தின் தரையில் காம்போடு கிடக்கும் மஞ்சள் பூக்களைக் கூட்டிப் பார்த்தாலே, எவ்வளவு போனது என்று கணக்குப் போடலாம்.

இயற்கையில் இந்த அதிர்வைக் கொடுப்பதற்கென்றே சில தேனீக்கள் இருக்கின்றன. அவை கூம்பைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் இயக்கும். உடம்பு முழுக்க அதிரும், தூள் கொட்டும். நம்மூர்க் கூரை மரத்திலும் பட்ட தடியிலும் துளையிட்டுக் குடியிருக்கும் கருவண்டு இந்த இனம்தான். கத்தரிப் பூவில் அது இறங்கும்போது பறக்கும் ஓசை சட்டென்று மாறி உச்சத்துக்குப் போவதைக் கேட்கலாம். நீலப் பட்டை போட்ட சிறு தேனீக்களும் இதைச் செய்யும். அவுஸ்திரேலியாவில் அத்தகைய தேனீயைப் படமெடுத்து ஆராய்ந்தவர்கள், அது தலையாலேயே மகரந்தக்கூட்டை இடிக்கிறது என்றும் விநாடிக்கு ஏறக்குறைய 350 தடவை அதிர்கிறது என்றும் கண்டார்கள். பெட்டியில் வளர்க்கும் நமது தேனீக்கும் கொசுத்தேனீக்கும் இந்த வித்தை தெரியாது. தக்காளிக் கூடாரத்துக்குள் தேன்பெட்டி வைத்துவிட்டால் சரி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாகலுக்கும் பூசணிக்கும் அது உதவும். தக்காளிக்குப் பெரிதாக உதவாது.

ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளில் ஒரு காலத்தில் ஆட்கள் மின்கலத்தில் இயங்கும் அதிர்வுக்கோலை எடுத்துக்கொண்டு கொத்துக் கொத்தாகப் பூவைத் தொட்டுப் போவார்கள். 1980களின் நடுப்பகுதியில் றோலன்ட் டி ஜொங் என்ற பெல்ஜிய மிருக வைத்தியர், பம்பிள்பீ எனப்படும் மயிரடர்ந்த பெரிய தேனீயை உள்ளே விட்டால் வேலை முடிந்துவிடும் என்று கண்டுகொண்டார். 1987 இல் பயோபெஸ்ட் என்ற நிறுவனம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அட்டைப்பெட்டியில் அடைத்த தேனீக் குடும்பங்கள் உலகம் முழுக்கப் போகத் தொடங்கின. பம்பிள்பீ வந்துபோன தக்காளிப் பூவின் கூம்பில் கடித்த இடம் பழுப்பு நிறமாகக் கன்றிப்போய் இருக்கும். எத்தனை பூவில் அந்தத் தழும்பு இருக்கிறது என்று எண்ணித்தான் அங்குள்ளவர்கள் தேனீ ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள்.

இலங்கையில் பம்பிள்பீ இல்லை. இறக்குமதி செய்தால் என்ன என்று யாராவது கேட்டால், சிலியைப் பார்க்கச் சொல்வேன். விவசாயத்துக்கென்று அங்கே கொண்டுபோன ஐரோப்பிய இனம் கூடாரத்துக்கு வெளியே பரவி, அர்ஜென்ரீனாவுக்குள்ளும் புகுந்தது. அது பரவிய இடங்களிலெல்லாம் தென்னமெரிக்காவுக்கே உரிய பெரிய செம்மஞ்சள் பம்பிள்பீ அருகிப்போனது. அவுஸ்திரேலியப் பெருநிலப்பரப்பிலும் இதே பயத்தால் பம்பிள்பீக்கு அனுமதி இல்லை. தஸ்மானியாவில் 1992 இல் அது எப்படியோ வந்து குடியேறிவிட்டது. கடலைத் தாண்டிப் பெருநிலத்துக்கு வரவிடாமல் இன்றுவரை பார்த்துக்கொள்கிறார்கள். அதனால் அங்குள்ள பெரிய தக்காளிக் கண்ணாடி வீடுகள் மனிதக் கையையே நம்பியிருந்தன. கூலியோ அதிகம். மகரந்தச் சேர்க்கை ரோபோக்கள் முதலில் அங்கே வேலை தேடிப் போனதில் வியப்பில்லை.

இஸ்ரேலின் அருகா நிறுவனம் 2017 இல் தொடங்கப்பட்டது. அதன் ரோபோவுக்குப் பொலி என்று பெயர். தேனீயின் சாயல் ஒன்றும் அதில் கிடையாது. வரிசைகளுக்கு இடையில் தானாக நகரும் ஒரு வண்டி, அதில் கமராக்கள், காற்றை விட்டு விட்டு ஊதும் குழாய்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் குய்ரா என்ற இடத்தில் கொஸ்ரா நிறுவனத்தின் கண்ணாடி வீடுகளில் இது ஓடியிருக்கிறது. பூவைத் தொடாமல் காற்றால் மட்டும் அசைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தக்காளியைத் தாக்கும் பழுப்புச் சுருக்க வைரஸ் ஒன்று 2014 இல் இஸ்ரேலில் தலைகாட்டி, பிறகு கண்டம் கண்டமாகப் பரவியது. கை, கத்தி, உடுப்பு என்று தொட்டதெல்லாம் அதைக் காவும். பம்பிள்பீயும் காவும். தொடாத கருவிக்கு அந்தப் பழி குறைவு.

காற்றை ஊதுவதில் பெரிய விஞ்ஞானம் இல்லை. இலை ஊதும் கருவியாலும் ஊதலாம். பொலியின் அருமை அதன் கண்ணில் இருக்கிறது. மொட்டு, நேற்று விரிந்த பூ, இன்று விரிந்த பூ, வாடிய பூ என்று மனிதர்கள் குறியிட்ட ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்கியிருக்கிறார்கள். இதழ் எவ்வளவு பின்னால் மடிந்திருக்கிறது, மஞ்சள் எவ்வளவு துலக்கமாக இருக்கிறது, கூம்பின் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பவற்றிலிருந்து இந்தப் பூவை இப்போது அசைக்கலாமா என்று அது தீர்மானிக்கிறது. எந்தப் பூவையும் இலை மறைக்கலாம், வெயில் கண்ணாடியில் பட்டுக் கூசலாம், ஒரே கொத்தில் மூன்று பூ மூன்று வயதில் இருக்கலாம். பழக்கப்பட்ட தோட்டக்காரர் நடந்துகொண்டே பார்த்துவிடும் விடயம் இது. இயந்திரத்துக்கு இதைக் கற்பிக்க ஆண்டுகள் பிடித்தன.

அதோடு, தோட்டக்காரர் செய்யாத ஒன்றையும் இயந்திரம் செய்கிறது. பார்த்ததை எழுதி வைக்கிறது. எந்த வரிசையில், எந்த நாளில், எத்தனை பூ விரிந்தது என்ற கணக்குக் கையில் இருந்தால், ஆறேழு கிழமைக்குப் பிறகு எத்தனை கிலோ பழம் வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். சந்தையோடு பேரம் பேசுபவருக்கு அது பெரிய ஆயுதம். ரோபோக் கம்பனிகளின் வியாபாரம் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் சாய்வதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

சிங்கப்பூரின் பொலிபீ நிறுவனம் வேறு வழியில் போனது. சிறிய ட்ரோன் ஒன்று செடியின் அருகே மிதக்கும். அதன் சுழலிகள் கீழே தள்ளும் காற்றே பூவை அதிரவைக்கும். மேற்கு சிட்னிப் பல்கலைக்கழகத்தின் கண்ணாடி வீடுகளிலும் இதைச் சோதித்தார்கள். ஜப்பானில் எயிஜிரோ மியாகோ 2017 இல் ஒரு விளையாட்டு ட்ரோனின் அடியில் குதிரை மயிரை ஒட்டி, அதில் பசைத்தன்மையுள்ள ஒரு களியைப் பூசி லில்லிப் பூவில் உரசவிட்டார். பூ காயப்பட்டது. பிறகு மகன் சவர்க்காரக் குமிழி ஊதி விளையாடுவதைப் பார்த்து, மகரந்தம் கலந்த குமிழிகளைத் தயாரித்தார். 2020 இல் வெளியான அந்த ஆய்வில் ஒரு குமிழியில் ஏறக்குறைய இரண்டாயிரம் மகரந்தமணிகள் இருந்தன. பேரி மரத்தில் அந்தக் குமிழிகள் கையால் பூசியதற்கு ஒத்த விளைவைத் தந்தன. அழகான யோசனைதான். ஆனால் பெரும்பாலான குமிழி பூவில் படாமல் நிலத்தில் விழுந்து உடையும். மகரந்தம் சேகரிக்கப் பட்ட பாடு அதோடு போகும்.

தேனீ அளவிலேயே ரோபோ செய்ய முயல்வோரும் உண்டு. ஹார்வர்டில் 2013 இல் பறந்த ரோபோபீயின் எடை ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எம்.ஐ.ரி. குழு 2025 இல் காட்டிய பூச்சி ரோபோ ஆயிரம் விநாடி அந்தரத்தில் நின்றது. இரண்டுக்கும் மின்சாரம் வயரால்தான் வந்தது. பத்திரிகைகள் விரும்பிப் படம் போடும் ரோபோக்கள் இவைதான். தக்காளிக்காரருக்கு இவற்றால் இப்போதைக்கு ஆவது ஒன்றுமில்லை.

என்னைக் கூடுதலாக யோசிக்க வைத்தது 2025 இல் சீன விஞ்ஞான அக்கடமியிலிருந்து வந்த செய்தி. அங்கே ரோபோவைப் பூவுக்கு ஏற்றபடி மாற்றுவதோடு நிற்கவில்லை. பூவையும் ரோபோவுக்கு ஏற்றபடி மாற்றிவிட்டார்கள். மரபணுத் திருத்தத்தால் தக்காளிப் பூவின் ஆண் பகுதியை மலடாக்கி, குறியைக் கூம்புக்கு வெளியே நீட்டவைத்தார்கள். கமரா அதை எளிதில் கண்டுபிடிக்கும், ரோபோக் கை வேறு வர்க்கத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து பூசும். நோக்கம் பழம் அல்ல, கலப்பின விதை.

கலப்பின விதை எப்படி வருகிறது என்று நெல்லியடிக் கடையில் தக்காளி விதைப் பக்கற் வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. இந்தியாவில் கர்நாடகத்தின் ராணிபென்னூர் போன்ற இடங்களில் இது பெரிய தொழில். முதல்நாள் மாலையில் பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து, விரியப்போகும் மொட்டை மெல்லிய குறட்டால் பிரித்து, குறியில் கீறல் விழாமல் மகரந்தக் கூம்பை மட்டும் கிள்ளி எடுப்பார்கள். மறுநாள் காலை ஆண் வர்க்கத்தின் தூளை அந்தக் குறியில் பூசுவார்கள். ஒரு பூவைத் தவறவிட்டால் அது தன் மகரந்தத்தால் தானே காய்த்து விதையின் தூய்மையைக் கெடுத்துவிடும். பக்கற்றின் விலையில் பெரும்பங்கு அந்த விரல்களின் கூலி. ரோபோ உண்மையில் மாற்றப்போவது நமது கூடாரத்தையா, ராணிபென்னூர்ப் பெண்களின் வேலையையா என்று கேட்டால், இரண்டாவதைத்தான் முதலில் என்பேன்.

குறி கூம்புக்கு வெளியே நீள்வது சீன ஆய்வுகூடத்தில் வேண்டிச் செய்த மாற்றம். யாழ்ப்பாணத்தில் வெயிலே அதைச் செய்துவிடுகிறது. கடும் வெப்பத்தில் தக்காளியின் தம்பம் நீண்டு குறி கூம்பைத் தாண்டிப் போய்விடும். பிறகு உள்ளே எவ்வளவு தூள் உதிர்ந்தாலும் அதில் படியாது. அதைவிட மோசமான சேதம் கண்ணுக்குத் தெரியாமல் முன்பே நடந்துவிடுகிறது. பூ விரிவதற்கு ஏறக்குறைய பத்து நாளுக்கு முன், மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும் கட்டத்தில் பகல் 32 பாகை செல்சியசையும் இரவு 21, 22 பாகையையும் தாண்டினால் மகரந்தமணிகளில் பல மலடாகிவிடும். பூ பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருக்கும். தட்டினால் தூளும் விழும். அந்தத் தூள் முளைக்காது.

குளிரான நுவரெலியாவிலும் வெலிமடையிலும் பொலித்தீன் கூடாரம் நன்றாக வேலை செய்வதைப் பார்த்து அதே அமைப்பை இங்கே வடமராட்சியில் கொண்டுவந்து நட்டால், வெளியை விடச் சில பாகை கூடிய வெப்பத்தைத்தான் விலை கொடுத்து வாங்குகிறோம். சோளகம் வீசும் மாதங்களில் இங்கே இரவும் குளிர்வதில்லை. அந்த நேரத்தில் கூடாரத்துக்குள் பொலி வந்தாலென்ன, பொலிபீ வந்தாலென்ன, உயிரில்லாத தூளைத்தான் அது ஒழுங்காக இடம் மாற்றும். ஆகவே இங்கே காசு செலவழிக்க வேண்டிய ஒழுங்கு வேறு. முதலில் கூரையை உயர்த்தி, உச்சியில் காற்றுப் போக வழிவிட்டு, பக்கங்களில் பொலித்தீனை எடுத்து வலையை மட்டும் விடுவது. வெப்பம் தாங்கும் வர்க்கத்தைத் தெரிவுசெய்து, பூக்கும் காலம் மார்கழி தையில் விழும்படி நடுவது. அதற்குப் பிறகுதான் அசைப்பதைப் பற்றிய பேச்சு. அதற்கும் செடியைத் தாங்கும் நூல்களைக் கட்டியிருக்கும் மேல்கம்பியில் காலையில் ஒரு தடியால் தட்டிக்கொண்டு போனால் பெரும்பாலும் போதும்.

சலாட் வெள்ளரி போட்டால் அந்தத் தட்டலும் தேவையில்லை. கூடாரத்துக்கென்று வந்த வெள்ளரி வர்க்கங்கள் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதையற்ற காய் பிடிப்பவை. தேனீ நுழைந்தால் காய் ஒரு நுனியில் பருத்துக் கெட்டுப்போகும். தேனீ வேலையைத் தேவையற்றதாக்கியதில் பயிர் வர்க்க ஆய்வாளர்கள் ரோபோக்காரரை முந்திவிட்டார்கள்.

அப்படியானால் செயற்கை நுண்ணறிவுக்கு இங்கே இடமில்லையா என்றால், இருக்கிறது. அதன் கையை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கைத்தொலைபேசி இல்லாத தோட்டக்காரர் இன்று குறைவு. கொங்கிறீற் நடைபாதையும் தண்டவாளமும் கேட்கும் வண்டி நமது மண்தரைக்குச் சரிவராது. வரிசைக்கு மேலே இழுத்துக் கட்டிய கம்பியில் நகரும் சிறு பெட்டி, அதில் ஒரு கமரா, தேவையென்றால் தொலைபேசிக்குள் இருப்பது போன்ற சிறு அதிர்வு மோட்டர் என்பது கிளிநொச்சி அறிவியல்நகரில் படிக்கும் பிள்ளைகளுக்கு எட்டாத வேலை அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் அங்கே ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. இதைவிட வசதியான அயல் எங்கே கிடைக்கும்? ஆனால் நெதர்லாந்துக் கண்ணாடி வீட்டுப் படங்களால் பழக்கிய மென்பொருளை இறக்கிக் கொண்டுவந்து இங்கே ஓடவிட்டால் தடுமாறும். இங்குள்ள வெளிச்சம் வேறு, வர்க்கம் வேறு, இலையில் படிந்திருக்கும் செம்மண் தூசு வேறு. நமது பூவை நமது தோட்டக்காரர் குறியிட்ட படங்கள் வேண்டும். அந்தப் படத்தொகுப்பைச் சேர்ப்பதுதான் கருவியைச் செய்வதை விடக் கஷ்டமான வேலை, யாருக்கும் பெயர் கிடைக்காத வேலையும் கூட.

தொடங்குவதென்றால் தக்காளியில் தொடங்கமாட்டேன், வலைக்குள் போட்ட பாகலில் தொடங்குவேன். பழ ஈக்குப் பயந்து பாகலை வலைக்குள் வைக்கிறோம், வைத்தவுடன் தேனீயும் போய்விடுகிறது. பாகலில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஆண்பூக்கள்தான் மிகக் கூட, பெண்பூ கொஞ்சம். விடியற்காலையில் விரியும், மத்தியானத்துக்குள் களைத்துவிடும். அதற்குள் ஆண்பூ ஒன்றைப் பிடுங்கி இதழைக் கிள்ளிவிட்டுப் பெண்பூவின் குறியில் மெல்லத் தேய்க்க வேண்டும். செய்கிற வேலை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. கொடி முழுக்க இலையை விலக்கி விலக்கிப் பெண்பூவைத் தேடுவதில்தான் காலைப்பொழுது போகிறது. பெண்மொட்டை அதன் கீழே முள்ளு முள்ளாக இருக்கும் குட்டிப் பாகற்காயைக் கொண்டு முதல்நாள் மாலையே அடையாளம் காணலாம். கமராவுக்கு இது தக்காளிக் கூம்பின் வயதைச் சொல்வதை விட எத்தனையோ மடங்கு எளிது. மாலையில் பெட்டி ஒருமுறை கம்பியில் ஓடிப் படமெடுத்து, நாளைக்கு இரண்டாம் வரிசையில் நான்கு, ஐந்தாம் வரிசையில் ஏழு என்று தொலைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பினால், விடியத் தேநீர் குடித்துவிட்டு நேரே அந்தக் கொடிகளுக்குப் போகலாம்.